சீன ராக்கெட்டுகள் துணைக்கோளம் ஏவும் நிலைக்கு எப்படி வந்தன? மாணவர்களுக்கு விளக்க உதவி வேண்டும்

தோட்டப்பள்ளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். நீர் ராக்கெட் போட்டிக்காக ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை மாலை நேரத்தில் திடலுக்கு அழைத்துச் சென்று, ஒன்றரை லிட்டர் புட்டிகளில் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பறக்கவிட்டுக் கொண்டிருக்கிறோம். போன வாரம் ஒரு புட்டி திசைமாறிப் போய்ப் பள்ளிக் காவலாளியின் மோட்டார் சைக்கிள்மேல் விழுந்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு ஒரு மாணவன், 2022ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் கூச்சிங் வானத்தில் எரிந்துகொண்டே போன சீன ராக்கெட்டின் காணொளியைத் தன் அண்ணனின் கைப்பேசியில் பார்த்ததாகச் சொல்லி, "டீச்சர், அவர்களும் நம்மைப் போலக் குறிதவறித்தான் விட்டுவிட்டார்களா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் விசாரித்ததில் குழப்பம்தான் கூடியது. சீன ராக்கெட் முழுவதும் ரஷ்யர்கள் கொடுத்ததைப் பார்த்துச் செய்தது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அமெரிக்கா விரட்டிவிட்ட ஒரு பேராசிரியர் தனியாளாக உருவாக்கியது என்று இன்னொருவர் சொல்கிறார். இவற்றில் எது சரி? துணைக்கோளங்களை ஏவும் நிலைக்கு அவர்கள் வந்த வழி என்ன? அந்த 2022ஆம் ஆண்டு ராக்கெட் ஏன் நம் நாட்டின்மேல் வந்து எரிந்தது? பிள்ளைகள் துருவித் துருவிக் கேட்பார்கள் என்பதால், சுருக்கமான விடையைக் காட்டிலும் காரணங்களோடு கூடிய விளக்கமே எனக்கு உதவும்.


பழைய கிராணி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தோட்ட அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் சீனா தன் முதல் துணைக்கோளத்தை விட்ட செய்தி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அன்று பிடித்த ஆர்வம் இன்றுவரை விடவில்லை. நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். 1948 ஜூனில் இங்கே தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதை ஒட்டித்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1970இல் மலேசியாவுக்கும் சீனாவுக்கும் தூதரக உறவு கிடையாது. பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் சென்ற 1974 மே மாதத்தில்தான் அது ஏற்பட்டது. ஆகையால், நாளிதழில் அந்தச் செய்தியை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டிய என் தகப்பனார், சீனா என்ற சொல் வரும் இடங்களில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

உங்கள் ஆசிரியர் அறையில் பேசிய இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பேராசிரியரின் பெயர் சியான் சுவேசென். 1911இல் பிறந்தவர், 1935இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் தியோடர் வான் கார்மனின் மாணவராக இருந்து, பின்னாளில் ஜெட் உந்துகை ஆய்வகம் என்று பெயர்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கிய குழுவில் ஒருவராக விளங்கியவர். 1950இல் அவரைக் கம்யூனிஸ்ட் என்று குற்றஞ்சாட்டி, இரகசிய ஆய்வுகளில் ஈடுபடும் அனுமதியைப் பறித்து, ஊர் திரும்பவும் விடாமல் ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்து, 1955இல்தான் அனுப்பினார்கள். மறு ஆண்டு, 1956 அக்டோபர் 8ஆம் நாள், அவருடைய தலைமையில் சீனாவின் முதல் ஏவுகணை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் பட்டம் பெற்று வந்த இளைஞர்கள். ராக்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்களே அரிது. அவர் வகுப்பெடுத்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது. அவர் தனியாளாகச் செய்தார் என்பது அந்த இளைஞர்களுக்கு இழைக்கும் அநீதி.

ரஷ்யப் பங்கு உண்மையானது. 1957இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சோவியத் ஒன்றியம் ஆர்-2 என்னும் ஏவுகணையை வழங்கியது. அதுவே ஜெர்மானியரின் வி-2 ஏவுகணையை நீட்டிச் செய்தது என்பதால், பார்த்துச் செய்தவரைப் பார்த்துச் செய்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் 1960இல் இரு நாடுகளுக்கும் பிணக்கு முற்றி, சோவியத் வல்லுநர்கள் எல்லாரும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் போன சில மாதங்களில், 1960 நவம்பர் 5ஆம் நாள், சீனாவிலேயே செய்த நகல் ஏவுகணை பறந்தது. நகல் என்ற கதை அதோடு முடிகிறது.

சொந்தமாக வடிவமைத்த முதல் ஏவுகணையான தோங்ஃபெங்-2 1962 மார்ச் 21ஆம் நாள் ஏவப்பட்டு, ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலான நேரத்தில் தரையில் விழுந்து நொறுங்கியது. பழைய உடலை நீட்டினார்கள்; நீட்டிய உடல் பறக்கும்போது மூங்கிலைப் போல் வளைந்து அதிரும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவியின் கணக்கில் சேர்க்கவில்லை. தரையிலேயே எல்லாச் சோதனைகளையும் செய்து முடித்த பிறகே ஏவுவது என்ற பழக்கம் அந்த அடிக்குப் பிறகுதான் அங்கே வேரூன்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964 ஜூன் 29ஆம் நாள், திருத்திய ஏவுகணை வென்றது.

அந்த 1964ஆம் ஆண்டு ஏவலைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. பாலைவன வெயிலில் எரிபொருள் விரிந்து, தொட்டியில் கொள்ளவேண்டிய எடை கொள்ளாமல், குறித்த தொலைவை எட்ட முடியாது என்று கணக்கு வந்தது. எல்லாரும் இன்னும் எப்படி நிரப்புவது என்று யோசித்துக் கொண்டிருக்க, வாங் யோங்சி என்ற இளம் அதிகாரி, எரிபொருளாகிய ஆல்கஹாலில் 600 கிலோவை வெளியே எடுத்துவிட்டால் தொலைவு கூடும் என்றார். மூத்தவர்கள் ஏற்கவில்லை. அவர் நேராகச் சியானிடம் போய் விளக்க, சியான் ஒப்புக்கொண்டார். ஏவுகணையும் இலக்கை எட்டியது. எரிபொருளும் அதை எரிக்கும் உயிர்வளியும் (ஆக்சிஜனும்) சரியான விகிதத்தில் தீர வேண்டும், ஒன்று மிஞ்சினால் அது வெறும் சுமை என்பதுதான் அதன் உட்பொருள். உங்கள் புட்டியில் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினால் அது எழும்பாமல் இருப்பதற்குக் காரணம் சற்று வேறு என்றாலும், நிறைய ஊற்றினால் நிறையப் பறக்கும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

சைக்கிள் பம்ப் என்று எழுதியிருந்தீர்கள். 1960 பிப்ரவரி 19ஆம் நாள் ஷாங்காய் புறநகரில் டி-7எம் என்ற சிறு ஆய்வு ராக்கெட்டை ஏவியவர்கள், எரிபொருள் தொட்டிக்குச் சைக்கிள் பம்பால்தான் காற்றழுத்தம் ஏற்றினார்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, ஒலிபெருக்கி இல்லாததால் கையசைத்துக் கட்டளை கொடுத்தார்கள். அது 8 கிலோமீட்டர் உயரம் போனது. பத்து ஆண்டுகள் கழித்து, 1970 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, லாங் மார்ச்-1 ராக்கெட் கோபிப் பாலைவனத்து ஜியுச்சுவான் தளத்திலிருந்து தோங்ஃபாங்ஹோங்-1 என்ற துணைக்கோளத்தைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. பெய்ஜிங்கில் அப்போது மணி 9.35, நம் கடிகாரங்கள் அந்நாளில் அரை மணி பின்தங்கியிருந்ததால் இங்கே 9.05. சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் ஆகியவற்றுக்கு அடுத்து, சொந்த ராக்கெட்டில் துணைக்கோளம் ஏவிய ஐந்தாம் நாடாகச் சீனா ஆனது. ஜப்பான் அவர்களை முந்தியது இரண்டரை மாதத்தில்தான். ஆனால் சீனத் துணைக்கோளத்தின் எடை 173 கிலோ; முந்திய நான்கு நாடுகளின் முதல் துணைக்கோளங்களையும் ஒன்றாகத் தராசில் வைத்தால்கூட அவ்வளவு வராது. அந்தத் துணைக்கோளம் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக இருந்ததால், அதன் பின்னே சுற்றும் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கை, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எரியும் பகுதிகளில் கடைசியானதைச் சுற்றி வெயிலில் மின்னும் பாவாடை போன்ற ஒன்றை விரியச் செய்து, மக்கள் அதைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். துணைக்கோளம் இன்னும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் கலாசாரப் புரட்சியின் நடுவே நடந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். துணைக்கோளத் திட்டத்துக்கு முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவரான சாவ் ஜியுசாங் 1968இல் துன்புறுத்தலுக்கு ஆளாகி உயிர்விட்டார். ராக்கெட் உலோகங்களில் வல்லவரான யாவ் தோங்பின் அதே ஆண்டு ஜூனில் அடித்தே கொல்லப்பட்டார். இருவருமே 1970இன் அந்த இரவைக் காணவில்லை.


ஆலைப் பொறியாளர் எழுதியது:

கிராணி ஐயாவின் விவரங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே ஒரு திருத்தம். லாங் மார்ச்-1 புகழ்பெற்றதே தவிர, அது வம்சம் தழைக்காத கிளை. இரண்டே துணைக்கோளங்களை ஏவிய பிறகு, 1971க்குப் பின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று நாம் காணும் சீன ராக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றின் தாய்மரம், தோங்ஃபெங்-5 என்ற கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையிலிருந்து பிறந்த லாங் மார்ச்-2. அதன் முதல் ஏவல் 1974 நவம்பர் 5ஆம் நாள் சில நொடிகளில் தோற்றது. மூக்கு மேலும் கீழும் ஆடுவதை அளக்கும் கருவியிலிருந்து வரும் ஒரு மின்கம்பி, மேலுறை நன்றாக இருக்க, உள்ளே மட்டும் அறுந்திருந்தது. செம்பனை ஆலையில் கொதிகலனையும் மின்பலகைகளையும் பராமரிக்கும் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. உள்ளே அறுந்த கம்பியைத் தேடி இரவு முழுவதும் நின்ற அனுபவம் எங்களுக்கும் உண்டு. மறு ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் திருத்திய ராக்கெட் வெற்றி பெற்றது. அது கொண்டுபோன துணைக்கோளம் மூன்று நாளில் தரைக்கே திரும்பி வந்தது; அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் அடுத்து அதைச் செய்தவர்கள் சீனர்கள்தான்.

ஏவுகணையிலிருந்து பிறந்தது என்று சொல்வதில் இரண்டு விளைவுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டால் பின்னால் நடந்தவை பலவும் தாமே விளங்கும்.

முதலாவது எரிபொருள். ஏவுகணை நிரப்பிய நிலையிலும் காத்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். திரவ ஆக்சிஜனைத் தொட்டியில் ஊற்றி வைத்தால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே சாதாரண வெப்பநிலையில் இருந்தபடியே இருக்கும் ஹைட்ரசீன் வகை எரிபொருளையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் தேர்ந்தார்கள். இவை ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றும் என்பதால் பற்றவைக்கும் கருவியே தேவையில்லை, நம்பகமானவை. ஆனால் இரண்டும் கடும் நஞ்சு. தோட்டத்தில் மருந்தடித்தவர்களின் வீட்டில் வளர்ந்த யாருக்கும் நஞ்சைக் கையாளும் வேலையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இது அதைக் காட்டிலும் பல மடங்கு கொடியது. பனிப்போர்க் காலத்தில் பாதுகாப்புக் கருதி ஏவுதளங்களையும் கடற்கரையை விட்டு உள்நாட்டில், ஜியுச்சுவான், தையுவான், சிச்சாங் என்னும் இடங்களில் அமைத்தார்கள். அதனால் கழன்று விழும் முதல் அடுக்கு கடலில் விழாமல் காட்டிலும் வயலிலும் விழுகிறது. உள்ளே மிஞ்சிய நைட்ரஜன் டெட்ராக்சைடு செம்மஞ்சள் புகையாகக் கிளம்புகிறது. ஒவ்வோர் ஏவலின்போதும் கீழே உள்ள ஊர்மக்களை முன்கூட்டியே வெளியேற்றுகிறார்கள். என் கருத்தில், சீன ராக்கெட் வரலாற்றின் மிகப் பெரிய கடன் இதுதான். மற்றவர்கள் சாதனை என்று எழுதும் பக்கங்களில் இது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

இரண்டாவது அகலம். தொழிற்சாலையிலிருந்து உள்நாட்டுத் தளங்களுக்கு ராக்கெட் இரயிலில்தான் போக வேண்டும். இரயில் மலைச் சுரங்கங்களின் வழியே போக வேண்டும். எனவே லாங் மார்ச் 2, 3, 4 வரிசைகளின் உடல் 3.35 மீட்டர் விட்டத்துக்கு மேல் பருக்கவே முடியவில்லை. ராக்கெட்டின் இடுப்பளவை வடிவமைப்பாளர் தீர்மானிக்கவில்லை, இரயில் சுரங்கம் தீர்மானித்தது.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அகலம் என்ற விலங்கை உடைப்பதற்காக, ஹைனான் தீவில் வென்சாங் என்ற இடத்தில் கடலோரத் தளம் கட்டினார்கள். தியென்ஜின் துறைமுக நகரில் செய்த ராக்கெட்டைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுவரலாம். அப்படிப் பிறந்த லாங் மார்ச்-5 வரிசையின் நடு உடல் 5 மீட்டர் விட்டமுடையது. எரிபொருள் நஞ்சன்று, திரவ ஹைட்ரஜனும் மண்ணெண்ணெய் வகையும் திரவ ஆக்சிஜனும்தான். 2016 நவம்பரில் முதல் ஏவல் வென்றது. 2017 ஜூலையில் இரண்டாவது ஏவல், ஹைட்ரஜன் எந்திரத்துக்குள் எரிபொருளைத் தள்ளும் டர்போ பம்பின் பழுதால் தோற்றது. குறையைக் கண்டு திருத்தி மீண்டும் ஏவ 2019 டிசம்பர் வரை ஆயிற்று.

அதன் ஒரு வகையே 2022 ஜூலை 24ஆம் நாள் விண்வெளி நிலையத்தின் வென்தியன் கூடத்தை ஏற்றிச் சென்ற லாங் மார்ச்-5பி. வழக்கமாக ஒரு ராக்கெட்டின் பெரிய அடுக்கு, சுற்றுப்பாதை வேகத்தை எட்டும் முன்னரே கழன்று, முன்கூட்டிக் குறித்த கடற்பகுதியில் விழுந்துவிடும். மேலே உள்ள சிறிய அடுக்குதான் மீதி வேலையைச் செய்யும். அன்று ஏவிய லாங் மார்ச்-5பிக்கு அந்த மேல் அடுக்கே கிடையாது. இருபது டன்னுக்கு மேற்பட்ட கூடத்தைத் தூக்க வேண்டியிருந்ததால், எளிமை கருதி, நடு உடலே கூடத்தோடு சுற்றுப்பாதைவரை போயிற்று. கூடத்தை விட்டுவிட்ட பிறகு, ஏறக்குறைய இருபது டன் எடையுள்ள அந்த வெற்றுடலும் ஒரு துணைக்கோளத்தைப் போலப் பூமியைச் சுற்றியது. அதன் எந்திரங்களை மீண்டும் மூட்டி, வேண்டிய இடத்தில் இறக்கும் வசதி அதில் இல்லை. மேல்வளிமண்டலத்தின் மெல்லிய காற்று உரசி உரசி, ஆறு நாள் கழித்து அது தானாக இறங்கியது. அது மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், இறங்கும் நேரத்தைக் கணிப்பதில் ஒரு மணி பிசகினால் இடத்தில் 28,000 கிலோமீட்டர் பிசகும். ஆகவே மாணவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவர்கள் குறிதவறவில்லை, அந்த உடலுக்குக் குறியே வைக்கவில்லை.


அந்தெனா தம்பி எழுதியது:

இரு ஐயாக்களுக்கும் வணக்கம். நான் வீட்டுக் கூரைகளில் அஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு பொருத்துபவன் என்பதால், துணைக்கோளங்களை வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவன். பொறியாளர் ஐயா சொன்னதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. 2022 நிகழ்வில் ராக்கெட் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்தது என்று அமெரிக்க விண்வெளிக் கட்டளைப் பிரிவு சொன்னது. சுலு கடல் என்று சீனா சொன்னது. ஆனால் சரவாக்கிலும் மேற்குக் கலிமந்தானிலும் உலோகத் துண்டுகள் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. இவற்றில் யார் பொய் சொன்னார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தொழிலுக்குச் சோறுபோடும் மலேசியாவின் மீசாட் துணைக்கோளங்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே, சற்று மேற்கே தள்ளி நிற்கின்றன. மீசாட்-1 1996 ஜனவரியில் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போனது. மீசாட்-3 2006 டிசம்பரில் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டில் போனது. பக்கத்திலேயே மலிவாக ஏவிக் கொடுக்கும் சீனா இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? அவர்களிடம் அந்த உயரத்துக்கு ஏற்றும் திறன் இல்லையா?


ஆலைப் பொறியாளர் எழுதியது:

தம்பி, முதல் கேள்வியில் யாருமே பொய் சொல்லத் தேவை இல்லை. அவ்வளவு நீளமான உடல் ஒரே புள்ளியில் விழுவதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே எரியத் தொடங்கி, உடைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சிந்திக்கொண்டே போகிறது. தொடங்கிய இடத்தை ஒருவரும், முடிந்த இடத்தை இன்னொருவரும் சொன்னால் நடுவே இருப்பது கலிமந்தானும் சரவாக்கும்தான். நம் நேரப்படி ஜூலை 31 நள்ளிரவு 12.45 வாக்கில் கூச்சிங்கில் காணொளி எடுத்தவர்கள் அந்தக் கோட்டின் அடியில் நின்றவர்கள். பாதைத் தகவலைச் சீனா முன்கூட்டிப் பகிரவில்லை என்று நாசாவின் அந்நாளைய தலைவர் பில் நெல்சன் குறை சொன்னார். அந்தக் குறை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். அதே வகை ராக்கெட்டின் உடல் 2020 மே மாதத்தில் ஐவரி கோஸ்ட் வரை துண்டுகளைச் சிந்தியது; 2021 மே மாதத்தில் மாலத்தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. 2022இல் நடந்தது எதிர்பாராத விபத்து என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்விக்கு: திறன் இருந்தது, 1984 முதல் இருந்தது. அந்த உயரத்துக்கு ஏற்ற அவர்கள் தேர்ந்த வழி, திரவ ஹைட்ரஜனில் இயங்கி, விண்ணில் அணைந்து மீண்டும் பற்றும் மேல் அடுக்கு. லாங் மார்ச்-3 அப்படிப்பட்ட அடுக்கோடு 1984 ஜனவரி 29ஆம் நாள் சிச்சாங்கிலிருந்து கிளம்பியது. இரண்டாம் முறை பற்றியபோது எந்திரம் சில நொடிகளில் நின்றுவிட்டது. எழுபதே நாளில், ஏப்ரல் 8ஆம் நாள், திருத்தி ஏவி வென்றார்கள். ஹைட்ரஜன் அடுக்கை விண்ணில் இயக்குவதில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அடுத்து நின்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இந்தியா சொந்தக் கிரயோஜெனிக் (கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும்) அடுக்கோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவியது 2014 ஜனவரியில்.

சீனா 1985இல் வணிகச் சந்தைக்குள் நுழைந்தது. 1990 ஏப்ரல் 7ஆம் நாள் ஏவிய ஏசியாசாட்-1 உன் தொழிலோடு தொடர்புடையது. அது முதலில் வேறு பெயரில் 1984இல் அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து விடப்பட்டு, தவறான பாதையில் சிக்கி, அதே ஆண்டு இன்னோர் ஓடத்தில் போனவர்கள் கையால் பிடித்துக் கீழே கொண்டுவந்த துணைக்கோளம். பழுதுபார்த்து ஹாங்காங் நிறுவனத்துக்கு விற்றார்கள்; லாங் மார்ச்-3 அதை மீண்டும் மேலே கொண்டுபோனது. ஆசியாவில் ஸ்டார் டிவி அதன் வழியாகத்தான் ஒளிபரப்பானது.

கதவு மூடியது 1996இல். பிப்ரவரி 15ஆம் நாள் விடியற்காலை, லாங் மார்ச்-3பி தன் முதல் பயணத்தில் இன்டெல்சாட்-708 துணைக்கோளத்தோடு சிச்சாங்கில் கிளம்பிய மறுகணமே ஒரு பக்கமாகச் சாய்ந்து, 22 நொடியில் மலைச்சரிவில் மோதியது. அருகிலிருந்த ஊர் நாசமானது. இறந்தவர் ஆறு பேர் என்பது அரசாங்கக் கணக்கு. திசைகாட்டும் கருவியின் மின்சுற்றில் தங்கமும் அலுமினியமும் சேரும் இணைப்பு ஒன்று கெட்டிருந்தது. காரணத்தை ஆராய உதவிய அமெரிக்க நிறுவனங்கள் ஏவுகணை நுட்பத்தைக் கசியவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 1999 முதல் அமெரிக்கத் துணைக்கோளங்களும் உதிரிப்பாகங்களும் ஆயுதங்களுக்குரிய ஏற்றுமதிச் சட்டத்தின்கீழ் வந்தன. மீசாட்-3ஐச் செய்தது போயிங். ஆகவே விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைச் சீன ராக்கெட்டில் ஏற்ற அமெரிக்கச் சட்டம் இடம் தந்திருக்காது.


பழைய கிராணி எழுதியது:

இந்தோனேசியர்கள் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு போனவர்கள். அமெரிக்கப் பாகம் இல்லாமல் ஐரோப்பாவில் செய்த பாலாப்பா-டி துணைக்கோளத்தை 2009இல், நம் தேசிய நாளான ஆகஸ்ட் 31ஆம் நாள், லாங் மார்ச்-3பியில் ஏவினார்கள். மூன்றாம் அடுக்கு சரியாக உந்தாததால் துணைக்கோளம் தாழ்ந்த பாதையில் விடப்பட்டு, தன் சொந்த எரிபொருளைச் செலவழித்து ஏறி, ஆயுளில் ஒரு பகுதியை இழந்தது. 2020 ஏப்ரல் 9ஆம் நாள் அவர்களே ஏவிய பாலாப்பா-என்1, அதே மூன்றாம் அடுக்குப் பழுதால் முழுவதும் போயிற்று. மலிவு என்ற சொல்லைத் தம்பி பயன்படுத்தியதால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு கணக்குப்பிள்ளை தோல்விகளை மட்டும் எழுதி ஏட்டை மூடக்கூடாது. லாங் மார்ச் வரிசையின் முதல் நூறு ஏவல்களுக்கு 1970 முதல் 2007 ஜூன் வரை, 37 ஆண்டுகள் ஆயின. இருநூறாவது 2014 டிசம்பரில் வந்தது. முந்நூறாவது 2019 மார்ச்சில். நானூறாவது 2021 டிசம்பர் 10ஆம் நாள். ஐந்நூறாவது 2023இல், அதே டிசம்பர் 10ஆம் நாள். 1996 அக்டோபருக்கும் 2011 ஆகஸ்டுக்கும் இடையே ஒரே ஒரு பாதித் தோல்வி, அதுவும் அந்த பாலாப்பா-டிதான். அறுந்த கம்பியிலும் கெட்ட இணைப்பிலும் பட்ட அடி வீண்போகவில்லை. இப்போது தனியார் நிறுவனங்களும் வந்துவிட்டன. 2023 ஜூலை 12ஆம் நாள் லேண்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் சூச்சுவே-2 சுற்றுப்பாதையை எட்டியது. மீத்தேனில் இயங்கி அதைச் செய்த உலகின் முதல் ராக்கெட் அதுதான்.


தோட்டப்பள்ளி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்று மாலை, பொறியாளர் ஐயா சொன்ன இரண்டு அளவுகளையும் திடலில் சுண்ணாம்பால் வட்டமாக வரையச் சொன்னேன். 3.35 மீட்டர் வட்டத்துக்குள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள்; 5 மீட்டர் வட்டத்துக்குள் ஆறாம் ஆண்டும் சேர்ந்து நின்ற பிறகும் ஓடியாட இடம் இருந்தது. விட்டம் ஒன்றரை மடங்கு கூடினால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதைக் கரும்பலகையில் எழுதாமலே புரியவைத்த மகிழ்ச்சி எனக்கு.

சைக்கிள் பம்ப் கதையைக் கேட்டதிலிருந்து, எங்கள் பம்பைப் பிடிப்பது யார் என்பதில் பெரிய சண்டை நடக்கிறது. குறி வைக்கவில்லை என்ற விடையைக் கேட்ட மாணவன், "அப்படியென்றால் அது நம் தவறைவிடப் பெரிய தவறு, டீச்சர்" என்றான்.

வட்டத்துக்குள் நின்றுகொண்டே ஒரு மாணவி கேட்ட கேள்வியை மட்டும் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். சுரங்கம் குறுகலாக இருந்தால், சின்னச் சின்ன ராக்கெட்டுகளைத் தனித்தனியாக இரயிலில் கொண்டுபோய், அங்கே போன பிறகு பெரிய ராக்கெட்டின் பக்கத்தில் சேர்த்துக் கட்டக்கூடாதா என்கிறாள். அது முடியாது என்று சொல்லும் முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று நிறுத்திக்கொண்டேன்.


ஆலைப் பொறியாளர் எழுதியது:

நல்ல வேளை, நிறுத்திக்கொண்டீர்கள். அவள் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். லாங் மார்ச்-2ஐ நீட்டி, அதன் இடுப்பைச் சுற்றி 2.25 மீட்டர் விட்டமுள்ள நான்கு துணை ராக்கெட்டுகளைக் கட்டி, பதினெட்டே மாதத்தில் உருவாக்கிய லாங் மார்ச்-2இ 1990 ஜூலை 16ஆம் நாள் சிச்சாங்கிலிருந்து முதன்முதலாகப் பறந்தது. அதைச் செய்த நிறுவனத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர், கிராணி ஐயா சொன்ன அந்த 600 கிலோ ஆல்கஹாலை வெளியே எடுக்கச் சொன்ன வாங் யோங்சிதான். அதே உடலை இன்னும் நம்பகமாக்கிச் செய்த லாங் மார்ச்-2எஃப், 2003 அக்டோபர் 15ஆம் நாள் சீனாவின் முதல் விண்வெளி வீரரான யாங் லிவெயை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்த மாணவியிடம் சொல்லிவிடுங்கள். நான்கு புட்டிகளைப் பக்கத்தில் கட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் காவலாளியின் மோட்டார் சைக்கிளை முதலில் அப்புறப்படுத்திவிடுவது நல்லது.